நெட்டைக் கோபுரம் வலது கைப் பக்கம்

நான் நல்லவன் என்று சொல்லிக்கொண்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. ஒரு ஆளைப் பழிவாங்குவதற்காகவே ஒரு பாலத்தைப் பார்க்கப் போனேன். ஊர் சுற்றும் ஆசையும் இல்லை, சரித்திரம் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இல்லை. ஐரோப்பாவில் ப்ராக் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு ஆறு, ஆற்றின் மேல் ராஜா காலத்துக் கல் பாலம். எங்கள் மேனேஜர் அந்தப் பாலத்தில் எந்த இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாரோ, அதே இடத்தில் நானும் நின்று ஒன்று எடுக்க வேண்டும். எடுத்து, அவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்ட வேண்டும். ஒன்பது வருஷமாக எனக்கு வேறு வேண்டுதலே இருந்ததில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மண்ணூர்பேட்டை ஓரமாக எங்கள் கம்பெனி. கார், லாரிக்கு இரும்பு உறுப்புகள் செய்கிறோம். நான் அங்கே இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, மெஷினிலிருந்து வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும், தப்பாக இருந்தால் சிவப்புச் சீட்டும் கட்டுகிற வேலை. எங்கள் சாமானில் பாதி ஜோடியாக வரும். வண்டியின் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, செருப்பு மாதிரி. பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மாற்றி அனுப்பினால் வண்டியில் மாட்டாது, மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். இடது வலது மாறிப் போவது எங்கள் தொழிலில் திருட்டை விடப் பெரிய பாவம்.

என் அப்பாவும் அம்மாவும் திருமுல்லைவாயில் பக்கம் வயல் வேலைக்குப் போனவர்கள். மேனேஜர் அதே பக்கத்தில் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். அவர்கள் வயலிலும் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். இப்போது அந்த வயல் மேலெல்லாம் மாடி வீடு வந்துவிட்டது. அம்மாவும் இல்லை. ஆனால் யார் யார் வரப்பின் மேல் நின்றார்கள், யார் யார் சேற்றில் நின்றார்கள் என்பதை மட்டும் அந்த ஆள் மறக்கவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்குப் புது மெஷின் ஒன்று வாங்கினார்கள். ப்ராக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற தொழிற்சாலையில் அதைச் செய்கிறார்கள். கப்பலேற்றுவதற்கு முன்னால் இங்கிருந்து ஒரு ஆள் போய், அந்த மெஷினில் எங்கள் சாமானை ஓட்டிப் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட்டு வர வேண்டும். அதற்கான அளவுக் கருவிகளைத் தயார் செய்தவன் நான். எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டவன் நான். என் பெயரையே போட்டார்கள். பாஸ்போர்ட் எடுத்தேன். என் மனைவி ஆவடி மார்க்கெட்டில், வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு, ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். தெருவில் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

கிளம்ப ஒன்றரை மாசம் இருக்கும்போது ஒரு லாட் திரும்பி வந்தது. வலது என்று எழுதின பெட்டிக்குள் இடது சாமான். நான் சரியாகச் சீட்டுக் கட்டித்தான் கொடுத்திருந்தேன். பெட்டி போடும்போது மாறியிருக்கிறது. அனுப்பும்போது திறந்து பார்த்துக் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியது மேனேஜர். மாங்காட்டில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நேரமாகிறது என்று திறக்காமலே போட்டுவிட்டார். மெமோ மட்டும் எனக்கு வந்தது. வலது இடது தெரியாத ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் கம்பெனி மானம் போய்விடும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவரே விமானம் ஏறிவிட்டார். என் பட்டியலும் என் அளவுக் கருவிகளும் அவர் பெட்டியில் போயின. ஸ்வெட்டர் எங்கள் பீரோ மேல் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்துகொண்டது.

இதோடு போயிருந்தால் கூட, விதி என்று விட்டிருப்பேன். ஆயுத பூஜைதான் விஷயத்தைக் கெடுத்தது.

பேட்டையில் ஆயுத பூஜை என்றால் குடும்பத்தோடு வர வேண்டும். வருஷம் முழுக்க வாசல் காவலாளி உள்ளே விடாத பெண்டாட்டி பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் பட்டுப் புடவை, புதுச் சட்டையோடு மெஷின்களுக்கு நடுவில் சுற்றி வருவார்கள். அவனவன் தன் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, இதுதான் நான் ஓட்டுகிறது என்று வீட்டுக்காரிக்குக் காட்டுவான். அந்த வருஷம் மேனேஜர் அறைச் சுவரில் புதிதாக ஒரு படம் தொங்கியது. கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு கல் தூணில் கையை ஊன்றி நிற்கிறார். பின்னால் பாலம் நீண்டு போகிறது. பாலத்தின் முடிவில் இரண்டு கோபுரம், அதற்கும் பின்னால் மலை மேல் கோட்டை. பூஜை போட்டவர் அந்தப் படத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

எல்லோரும் அறையில் சுண்டல் தட்டோடு நின்றிருந்தோம். மேனேஜரின் வீட்டம்மாதான் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி வெள்ளந்தியாகப் படத்தைப் பார்த்து, அங்கே ரொம்பக் குளிரா சார் என்று கேட்டாள். அந்த ஆள் சும்மா பதில் சொல்லியிருக்கலாம்.

"எனக்குத்தாம்மா குளிரு. ஒங்க ஊட்டுக்காரர அனுப்பிச்சிருந்தா, வலது எது இடது எதுன்னு தெரியாம ஆத்துல எறங்கி நாத்து நட்டுகினு இருந்திருப்பாரு."

அறையே சிரித்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அதற்கு அடுத்ததைச் சொல்வதில்தான் வெட்கம். நானும் சிரித்தேன். மேலதிகாரி ஜோக் அடித்தால் கீழே இருப்பவன் பல்லை இளிக்க வேண்டும் என்ற பழக்கம். வாய் தானாகவே இளித்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பாதி சுண்டல் இருந்த தட்டை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அவள் கையில் கொண்டு வந்த பொரிப் பொட்டலம் அடுப்பு மேடை மேல் இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் கொடுப்பதுதானே என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அந்தாளு பேசனத வுடு. நீ சிரிச்ச பாரு. நீ சிரிச்ச எடத்துக்கு இனிமே நான் வர மாட்டேன்."

சொன்னபடி அவள் வரவில்லை. எட்டு ஆயுத பூஜை நான் தனியாகப் போய், தனியாக என் அளவு மேசைக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன். ஊட்டுல வரலையா அண்ணாத்தே என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி சொன்னேன். கையெழுத்து வாங்க தினமும் அந்த அறைக்குப் போகும்போது படம் என் கண்ணுக்கு நேராக இருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். இருடா, யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று கறுவிக்கொண்டே ஃபைலை நீட்டுவேன்.

போன வருஷம் பூனைக்குக் காலம் வந்தது. முதலாளியின் மகள் கம்பெனிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதே தொழிற்சாலையில் இரண்டாவது மெஷின் வாங்கினார்கள். யார் வேலை பார்க்கிறார்களோ அவர்கள்தான் போக வேண்டும் என்று அந்தப் பெண் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மேனேஜர் இன்னும் சில மாசத்தில் ஓய்வு பெறப் போகிறவர், ஒன்றும் பேச முடியவில்லை. கிளம்புவதற்கு முன்னால், அவர் மதிய சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அறைக்குள் போய், சுவரில் இருந்த படத்தை என் போனில் எடுத்துக்கொண்டேன். இடம் பிசகக் கூடாது பாருங்கள். பீரோ மேலிருந்து ஸ்வெட்டரை எடுத்தேன். ஒன்பது வருஷத்தில் எனக்குத் தொப்பை வந்திருந்தது. இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று நாளில் சாமான் அளவுக்குள் வந்துவிட்டது. மெஷின் கம்பெனியில் எனக்குத் துணையாக ஒரு வயதான இன்ஜினியரைக் கொடுத்திருந்தார்கள். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரத்தில் இருந்ததால் பேச்சு நன்றாகவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போக வேண்டும் என்று கேட்டார். போனில் இருந்த படத்தைக் காட்டாமல், பாலம் என்று மட்டும் சொன்னேன்.

காலையிலேயே போய்விட்டோம். பாலத்தின் இந்த முனையில் கரி பிடித்த மாதிரி ஒரு பெரிய கல் கோபுரம். அதன் வயிற்றுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால் பாலம். வண்டி கிடையாது, நடக்கிறவர்கள் மட்டும்தான். இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவர் மேலும் வரிசையாகச் சாமியார்களும் தேவர்களும் சிலையாக நிற்கிறார்கள், பல சிலைகள் கறுத்துப்போய். ஒரு சிலைக்கு அடியில் இருந்த பித்தளைத் தகட்டை மட்டும் வருகிறவர் போகிறவரெல்லாம் தடவித் தடவிப் பொன் மாதிரி ஆக்கியிருந்தார்கள். தடவினால் நினைத்தது நடக்குமாம். நானும் வரிசையில் நின்று தடவினேன். என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வேலையைப் பார்த்தேன். அதாவது, கல்லைப் பார்த்தேன். என் கண் பழக்கம் அது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எங்கே புதுக் கல் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் முட்டை உடைத்து ஊற்றிக் கட்டினார்கள் என்று ஊரில் பேச்சு என்றார் இன்ஜினியர். நம் ஊரிலும் பழைய வீட்டுச் சுவருக்கு அப்படித்தான் பூசினார்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். கீழே ஆற்றில் வெள்ளையாக அன்னங்கள் போய்க்கொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால் பாலம் அழகாகத்தான் இருந்தது. அதை அனுபவிக்கத்தான் எனக்கு மனசு இல்லை. என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். அதை நினைத்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

மேனேஜர் நின்ற இடத்தைத் தேட ஆரம்பித்தேன். பாலத்தின் எதிர் முனையில் இரண்டு கோபுரம் இருக்கிறது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நான் நடந்துபோகிற வாக்கில் நெட்டை வலது கைப் பக்கம், குட்டை இடது கைப் பக்கம். மலை மேல் கோட்டையும் வலது கைப் பக்கம். போனைப் பார்த்தேன். படத்தில் நெட்டை இடது கைப் பக்கம். கோட்டையும் இடது கைப் பக்கம். நான்தான் தப்பான இடத்தில் நிற்கிறேன் என்று நினைத்து முன்னால் போனேன், பின்னால் வந்தேன், மறுபக்கச் சுவருக்குப் போனேன். எங்கே நின்றாலும் நெட்டை வலதுதான். கோபுரம் எனக்காக இடம் மாறுமா?

நான் தலையைச் சொறிவதைப் பார்த்து இன்ஜினியர் போனை வாங்கினார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். இந்த ஆளை எனக்குத் தெரியுமே என்றார். போன தடவை வந்தவர். அளவுக் கருவியைப் பொருத்தத் தெரியாமல் சாமான் அளவுக்கு வரவில்லை, நாலு நாளும் மெஷின் பக்கத்திலேயே நின்றார், கடைசி நாள் நான்தான் காரில் நேராக விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன், அவர் இந்த ஊருக்குள் காலே வைக்கவில்லை என்றார். பிறகு ஏதோ நினைவு வந்து சிரித்தார். போகிற வழியில் காரிலிருந்து அந்தப் பாலம் தெரியுமா என்று மேனேஜர் கேட்டாராம். தெரியாது என்று இவர் சொன்னாராம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அம்பத்தூரில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். அவர் கை ஊன்றியிருக்கிற கல் தூண், நம் பக்கத்துப் புது மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் சாய்ந்த அட்டைத் தூண். முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கம், பாலத்தில் வெளிச்சம் வேறு பக்கம் இருந்திருக்கும். ஒத்துப்போக வேண்டுமே என்று ஸ்டூடியோக்காரன் பாலத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டான். வலது பெட்டிக்குள் இடது சாமான்! அதுவும் என் கண் முன்னாலேயே ஒன்பது வருஷமாகத் தொங்கியிருக்கிறது. பாலத்தின் நடுவில், ராஜா கட்டின கல்லின் மேல் நின்று, சிலையெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். இன்ஜினியர் பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரையே எடுக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். ஸ்வெட்டரோடு, நிஜச் சுவரில் நிஜக் கையை ஊன்றி, நெட்டைக் கோபுரம் வலது கைப் பக்கம்.

ஊருக்கு வந்ததும் மனைவியிடம் படத்தைக் காட்டினேன். ஸ்வெட்டர் எனக்குப் பொருந்தவில்லை என்றாள். பாலத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்லவில்லை. இந்த ஆயுத பூஜைக்கு வா, இந்த முறை நான் சிரிக்க மாட்டேன், வந்து பார் என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

பூஜை அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். என் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ரேம் போட்டிருந்தேன். அவர் படத்துக்குப் பக்கத்தில், மேலே கீழே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமில்லாமல் மாட்டினேன். பிறகு ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, வேலையில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். உறுப்பின் பெயர்: கல் பாலம். குறை: இடது வலது மாறியுள்ளது. முடிவு: நிராகரிக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து. அதை அவர் படத்தின் மூலையில் கம்பியால் கட்டினேன்.

மெஷின்களுக்கெல்லாம் கற்பூரம் காட்டி முடித்து, கூட்டம் அந்த அறைக்குள் வந்தது. மேனேஜர் இருந்தார், ஓய்வுக்கு முந்தின கடைசிப் பூஜை என்று மாலை போட்டிருந்தார்கள். அவர் வீட்டம்மா வழக்கம்போலச் சுண்டல் கொடுத்து முடித்து, தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு நின்றார். என் மனைவி கதவோரமாக நின்றாள். லேத் ஓட்டுகிறவர்தான் முதலில் சீட்டைப் பார்த்தார். சத்தமாகப் படித்தார். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கள் கம்பெனியில் இடது வலது பார்க்கத் தெரியாத கண் எது? ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு ஏறியது.

மேனேஜரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் என் வாய் இளித்த அதே இளிப்பு. ப்ரிண்ட் போட்டவன் தப்பு பண்ணிட்டான்போல என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"ப்ரிண்ட் தப்பு இல்ல சார். நீங்க பாலத்துக்கே போவல. நாலு நாளும் மெஷினாண்டயே நின்னுகினு இருந்தீங்க. கார்லேருந்தாச்சும் தெரியுமான்னு கேட்டீங்களாமே, அந்தப் பெரியவரு சொன்னாரு."

வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. முதலாளியின் மகள் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கக்கூட இல்லை. மேனேஜர் முகத்தில் அந்த இளிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்கத் தெரியாமல். எனக்கு உள்ளுக்குள் பால் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவர் வீட்டம்மா கணவரைப் பார்த்தார். பாதி சுண்டல் இருந்த தட்டை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

சாயங்காலம் என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினேன். மண்ணூர்பேட்டை சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே, இப்போ திருப்தியா என்று கேட்டேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"நீ சிரிச்ச அன்னிக்கு நான் சாப்புடாம கம்பெனி கேட்டாண்ட போய் நின்னேன்ல. மேனேஜரு ஊட்டம்மா பின்னாடியே ஓடியாந்துச்சு. பொரிப் பொட்டலத்த கைல வெச்சி, அவரு வாயி அப்டித்தாம்மா, வெறுங்கையோட போகாதன்னு சொல்லிச்சு. ஒங்கிட்ட நான் சொல்லல."

சிக்னல் மாறிவிட்டது. பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் நகரவில்லை.

"இன்னிக்கு அந்தம்மா அதே கேட்டாண்ட தனியா நின்னுகினு இருந்துச்சு. போலாம்னுதான் ரெண்டு அடி வெச்சேன். ஒன் பொஞ்சாதி நானு. எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?"

அந்த ஆளுக்குச் செய்ததை நினைத்து இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை கிடைத்தாலும் அந்தச் சீட்டைக் கட்டுவேன். அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது தன் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். என் படம் மட்டும் அந்தச் சுவரில் தனியாக இருக்கிறது. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பீரோவைத் திறந்து பட்டுப் புடவையை எடுத்து வைக்கட்டுமா என்று அவளைக் கேட்டேன். ஸ்வெட்டரை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்பவர்களிடம் ஒரு காய்ச்சலோ தலைவலியோ சொல்ல உனக்குத் தெரியாதா, எட்டு வருஷம் சொன்னவன்தானே என்றாள்.